வைஃபை வந்துவிட்டது, இணையம் எங்கே?

கணினி கேள்வி – பதில்

இம்முறை பொது இட வைஃபை பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருப்பதாக வைத்தே பதில்கள் உள்ளன. மேக், லினக்ஸ் என்றால் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருக்கும் வட்டாரப் பெயர் மட்டுமே. கடிதங்களில் வரும் வயர்லெஸ்@எஸ்ஜி, சிங்கப்பூரின் இலவசப் பொது வைஃபை.

நூலகத்தில் வயர்லெஸ்@எஸ்ஜி-யைத் தேர்ந்தெடுத்தால் 'கனெக்டெட்' என்று வருகிறது. ஆனால் கைத்தொலைபேசி எண்ணைக் கேட்கும் பக்கம் வருவதே இல்லை. கூகளைத் திறந்தால் 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்கிறது. பக்கத்து மேசைக்காரருக்கு மட்டும் எப்படி வருகிறது?
– உட்லண்ட்ஸ் வாசகி

உங்கள் கணினி வாசல் வரை வந்துவிட்டது. வாசல்காரர் பெயர் கேட்கும் முன்பே நீங்கள் நேராகக் கூடத்துக்குள் போகப் பார்க்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

பொது வைஃபையில் 'கனெக்டெட்' என்றால் ரேடியோ தொடர்பு கிடைத்தது, கணினிக்கு ஒரு முகவரி கிடைத்தது என்று மட்டுமே பொருள். நீங்கள் பதிவு செய்யும்வரை அங்குள்ள கருவி உங்களை வெளியே விடாது. எந்தத் தளத்தைக் கேட்டாலும் பாதியில் மறித்துத் தன் பதிவுப் பக்கத்தைத் தரப் பார்க்கும். கூகள் போன்ற தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய வழியில் மட்டுமே பேசும். நடுவில் வேறொருவர் புகுந்து பதில் சொன்னால் பிரவுசர் அதை ஆள்மாறாட்டம் என்று கருதி நிறுத்திவிடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதனால் அந்த எச்சரிக்கையை மீறி உள்ளே போக வழி தேடாதீர்கள். கூகளுக்கு அப்படியொரு பொத்தானே வராது.

பூட்டில்லாத ஒரு தளத்தைக் கேட்க வேண்டும். முகவரிப் பட்டையில் எச்டிடிபி என்று தொடங்கி (கடைசியில் எஸ் வேண்டாம்), முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு போட்டு, நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று முழுவதுமாகத் தட்டச்சு செய்யுங்கள். முன்பகுதியை விட்டுவிட்டால் இன்றைய பிரவுசர்கள் தாமாகவே எஸ் சேர்த்துக்கொள்ளும், பிறகு பழைய கதைதான். மேக்கில் கேப்டிவ் டாட் ஆப்பிள் டாட் காம் என்ற முகவரியும் இதே வேலையைச் செய்யும்.

அதற்கும் வரவில்லையென்றால் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் பாருங்கள். அதிகம் நடப்பதை முதலில் வைத்திருக்கிறோம்.

விபிஎன் (தகவலைப் பூட்டித் தன் வழியாக அனுப்பும் மென்பொருள்) ஓடுகிறதா? அதை முழுவதுமாக நிறுத்துங்கள். 'கில் சுவிட்ச்' என்ற அமைப்பு இருந்தால் அதையும் அணையுங்கள். விபிஎன் இணைப்பு அமையாமல் எந்தத் தகவலும் வெளியே போகக் கூடாது என்பது அந்த அமைப்பின் கட்டளை. பதிவு செய்யாமல் விபிஎன் அமையாது என்பது வைஃபையின் கட்டளை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். முதலில் பதிவு, பிறகு விபிஎன்.

டிஎன்எஸ்-ஐ (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) கையால் மாற்றி வைத்திருக்கிறீர்களா? வீட்டில் வேகம் கூடும் என்று யாரோ சொல்லி 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டிருப்பார்கள். பதிவுப் பக்கத்தின் பெயர் சில இடங்களில் உள்ளூர் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். செட்டிங்ஸ், நெட்வொர்க் & இன்டர்நெட், வைஃபை, ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ் என்று போய், 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' பக்கத்தில் 'எடிட்' அழுத்தி 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். குரோமில் 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்' என்ற இடத்தில் தனியாக ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதே நிலைதான். (1.1.1.1-க்கு ஒரு கிளைக்கதை உண்டு. 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் அதைப் பொது டிஎன்எஸ் ஆக்குவதற்கு முன்பு, சிஸ்கோவின் வைஃபை கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில் பதிவுப் பக்கத்துக்கே அந்த முகவரியைத்தான் கொடுத்து வந்தார்கள். பழைய அமைப்பு மாறாத இடங்களில் அந்த எண்ணைத் தட்டினால் டிஎன்எஸ் கிடைக்காது, பதிவுப் பக்கம்தான் வந்து நிற்கும்.)

மூன்றாவது காரணம் அரிது, ஆனால் கண்டுபிடிக்கக் கடினம். விண்டோஸ் ஒவ்வொரு முறை இணையும்போதும் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சிறு கோப்பைக் கேட்டுப் பார்க்கும். அதில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்று சொற்கள் மட்டும் இருக்கும். அவை அப்படியே வந்தால் இணையம் இருக்கிறது என்று முடிவு செய்யும். வேறு பக்கம் வந்தால் பதிவு தேவை என்று புரிந்துகொண்டு பிரவுசரைத் தானே திறக்கும். 'உளவைத் தடுக்கிறோம்' என்று சொல்லும் சில இலவச மென்பொருள்கள் இந்தச் சோதனையை அணைத்துவிடுகின்றன. அப்படி ஏதாவது நிறுவியிருந்தால் அதற்குள்ளேயே போய்ப் பழைய நிலைக்குத் திருப்புங்கள்.

கடைசி வழி: கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். வைஃபை பகுதியில் 'டிஃபால்ட் கேட்வே' (வைஃபையிலிருந்து வெளியே போகும் வாசல்) எதிரே உள்ள எண்ணைப் பிரவுசரில் போட்டால் சில இடங்களில் பதிவுப் பக்கம் நேராகவே வரும்.

என் கைத்தொலைபேசி கடைத்தொகுதிக்குள் நுழைந்ததுமே தானாக இணைந்துகொள்கிறது. மடிக்கணினி மட்டும் ஒவ்வொரு முறையும் எண் கேட்கிறது. ஏன் இந்தப் பாரபட்சம்?
– ஈசூன் வாசகர்

இரண்டும் வேறு வேறு இணைப்புகள். வயர்லெஸ்@எஸ்ஜி என்பது திறந்த இணைப்பு. அதில் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை மறைச்சொல்லைப் பக்கத்தில் இட வேண்டும். பட்டியலில் அதன் கூடவே கடைசியில் 'எக்ஸ்' சேர்ந்த வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் என்று ஒன்று தெரியுமே, உங்கள் தொலைபேசி அதில்தான் சேர்கிறது. உள்ளே இருக்கும் சிம் அட்டையே அடையாள அட்டையாகிவிடுகிறது. மடிக்கணினியில் சிம் இல்லை. அதனால் வயர்லெஸ்@எஸ்ஜி செயலியை ஒருமுறை நிறுவி, உங்கள் எண்ணை உறுதிப்படுத்தினால் கணினிக்கென ஓர் அடையாளம் பதிவாகும். அதன்பிறகு அதுவும் தானாகச் சேரும்.

செயலியை வீட்டு இணையத்தில் இருக்கும்போதே நிறுவிவிடுங்கள். வாசலில் நின்றுகொண்டு சாவி செய்ய முடியாது. இதில் இன்னொரு லாபம், எஸ்ஜிஎக்ஸ் மறையாக்கம் உள்ள இணைப்பு. திறந்த இணைப்பைவிட இதைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம். நிறுவிய பிறகு, பழைய திறந்த இணைப்பைக் கணினியில் 'ஃபர்கெட்' செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினி பழக்கதோஷத்தில் அதையே பிடித்துக்கொள்ளும்.

வீட்டருகே உள்ள உணவங்காடி நிலையத்தில் காலையில் வைஃபை கிடைக்கிறது. மதியம் 12 மணிக்கு மேல் 'நோ இன்டர்நெட்' மட்டும்தான். ஐபிகான்ஃபிக் பார்த்தேன், 169.254 என்று தொடங்கும் எண் வருகிறது.
– தோ பாயோ வாசகர்

எண்ணைக் குறித்து அனுப்பியது நல்லது, பாதி வேலை முடிந்தது. 169.254 என்பது வைஃபை கொடுத்த முகவரி அல்ல. கேட்டும் யாரும் கொடுக்காததால் கணினி தனக்குத்தானே வைத்துக்கொண்ட முகவரி. அதை வைத்து எங்கும் போக முடியாது.

பந்தியில் இலை தீர்ந்த கதை இது. சிறிய அமைப்புகளில் முகவரிகள் பெரும்பாலும் 254 மட்டுமே. ஒன்று கேட்வேக்குப் போக மீதி 253. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருவருக்கு ஒதுக்கப்படும். காலையில் கோப்பி குடித்துவிட்டு எழுந்து போனவரின் இலையை யாரும் எடுக்கவில்லை, அது அவர் பெயரிலேயே கிடக்கிறது. ஒதுக்கீட்டை 8 மணி நேரம், 24 மணி நேரம் என்று நீளமாக வைத்திருந்தால் மதியக் கூட்டத்துக்கு இலை மிஞ்சாது. சட்டைப்பையில் தூங்கும் தொலைபேசிகளும் ஆளுக்கொன்று பிடித்து வைத்திருக்கும்.

அந்த நேரத்தில் தொலைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி அதே இணைப்பில் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் கிடைக்கவில்லையென்றால் உங்கள் கணினியை நோண்டுவதில் பயனில்லை. இடத்தை நடத்துபவர்தான் ஒதுக்கீட்டு நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைக்கவோ, முகவரிகளைக் கூட்டவோ வேண்டும். தொலைபேசிக்குக் கிடைத்து, கணினிக்கு மட்டும் கிடைக்கவில்லையென்றால் ஐபிகான்ஃபிக் இடைவெளி, சாய்கோடு, ரிலீஸ். பிறகு அதேபோல ரினியூ. வேறு நிறுவனத்தின் ஃபயர்வால் இருந்தால் அதைச் சிறிது நேரம் நிறுத்தியும் பாருங்கள்.

கையால் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது ஏற்கெனவே இன்னொருவருடையதாக இருந்தால் இருவருக்குமே அறுந்து அறுந்து வரும்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை. வீட்டில், நூலகத்தில், எல்லா இடத்திலும். பழைய கணினி.
– பிடோக் வாசகி

வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தளங்கள் தம் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினியைக் கேட்டால் அவை இன்னும் பிறக்கவே இல்லை. கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்ள இணையம் வேண்டும், பொது வைஃபையில் இணையம் கிடைக்கப் பதிவுப் பக்கம் வேண்டும், அந்தப் பக்கம் திறக்கச் சரியான தேதி வேண்டும். ஆகவே முதலில் கையால் மாற்றுங்கள். நேர மண்டலம் சிங்கப்பூர்தானா என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு முறை அணைத்துத் திறக்கும்போதும் தேதி பின்னுக்குப் போனால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைக்கணினியில் அது சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி, வெறும் கையால் மாற்றலாம். மடிக்கணினிகள் பலவற்றில் அதே பேட்டரி இரண்டு கம்பிகளும் சிறு இணைப்பியும் பொருத்தப்பட்டு வரும். உங்கள் கணினி மாடலுக்கான அதே இணைப்பி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் பேட்டரியை வாங்கிக் கம்பியைப் பற்றவைக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கலாம்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். உபுண்டு (லினக்ஸ்) பயன்படுத்துகிறேன். ஒரே ஒரு கோப்பிக்கடை வைஃபையில் மட்டும் முகவரி கிடைக்கிறது (172.17.4.88), ஆனால் கேட்வேயைக்கூடத் தொட முடியவில்லை. விபிஎன் இல்லை, டிஎன்எஸ்-ஐ மாற்றவில்லை, பதிவுப் பக்கமும் வரவில்லை. வீட்டிலும் கல்லூரியிலும் சிக்கலே இல்லை.
– கிளமெண்டி வாசகர்

டாக்கர் நிறுவியிருக்கிறீர்களா, தம்பி? முகவரியைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம்தான் வந்தது.

டாக்கர் என்பது மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி. அது உங்கள் கணினிக்குள் தனக்கென ஒரு வலையமைப்பை உண்டாக்கிக்கொள்ளும். அதன் வழக்கமான வரம்பு 172.17.0.0/16, அதாவது 172.17 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம். அந்தக் கடையும் தற்செயலாக அதே வரம்பில் முகவரி கொடுக்கிறது. ஒரே கணினியில் ஒரே வரம்புக்கு இரண்டு வழிகள். கடையின் கேட்வேயைத் தேடிப் போகும் தகவல் வெளியே போகாமல் டாக்கரின் பாலத்துக்குள் நுழைந்து அங்கேயே காணாமல் போகிறது. வீடுகளில் 192.168 வரம்புதான் வழக்கம், அதனால் அங்கே மோதல் தெரிவதில்லை.

உறுதிசெய்ய டெர்மினலில் 'ஐபி ரூட்' கட்டளையை இடுங்கள். 172.17.0.0/16 என்ற வரியில் டாக்கர்0 (அந்தப் பாலத்தின் பெயர்) என்று இருந்தால் அதுவேதான். கடையில் உட்கார்ந்திருக்கும்போது உடனடித் தீர்வு: சிஸ்டம்சிடிஎல் வழியாக டாக்கரையும் டாக்கர் சாக்கெட்டையும் நிறுத்துங்கள். நிறுத்தினாலும் பாலம் அப்படியே கிடக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'ஐபி லிங்க் டிலீட் டாக்கர்0' கட்டளையை சூடோவுடன் (நிர்வாகி அனுமதியுடன்) இட்டு அதையும் நீக்க வேண்டும். பிறகு வைஃபையைத் துண்டித்து மறுபடி சேருங்கள்.

நிரந்தரத் தீர்வுக்கு, ஈடிசி அடைவுக்குள் டாக்கர் அடைவில் டீமன் டாட் ஜேசன் கோப்பைத் திருத்துங்கள் (இல்லையென்றால் புதிதாக உருவாக்குங்கள்). பிஐபி என்ற மூன்றெழுத்து அமைப்புக்கு 10.200.0.1/24 என்று கொடுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். டாக்கர் கம்போஸ் உருவாக்கும் வலையமைப்புகள் 172.18, 172.19 என்று அடுத்தடுத்த வரம்புகளை எடுத்துக்கொண்டே போகும், 172.31 வரைக்கும். 'டிஃபால்ட் அட்ரஸ் பூல்ஸ்' அமைப்பில் பேஸ் 10.201.0.0/16, சைஸ் 24 என்று போட்டால் அவையும் நகர்ந்துவிடும். முன்பே உருவான வலையமைப்புகள் தாமாக மாறாது. கம்போஸில் ஒவ்வொன்றையும் 'டவுன்' செய்து மறுபடி 'அப்' செய்ய வேண்டும்.

10 வரம்பிலும் மோதல் வராது என்று அடித்துச் சொல்ல முடியாது, பெரிய நிறுவனங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு /24 (256 முகவரிகள்) அளவுக்குச் சிறிதாக வைத்துக்கொண்டால் மோத வாய்ப்பு மிகக் குறைவு, அவ்வளவுதான்.

மூடியை மூடித் திறந்தால் மறுபடி பதிவு கேட்கிறது. தேநீர் வாங்கிவர எழுந்து போனாலும் அதே கதை.
– செங்காங் வாசகர்

பதிவு முடிந்ததும் வைஃபை கருவி உங்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கணினியின் வைஃபை அட்டைக்குரிய எம்ஏசி முகவரியை வைத்துக்கொள்கிறது. தனியுரிமைக்காக அந்த முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும் வசதி விண்டோஸில் உண்டு. வைஃபை அமைப்புகளில் அந்த இணைப்பைத் திறந்து 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ்' என்ற இடத்தில் 'சேஞ்ச் டெய்லி' இருந்தால் தினமும் புது ஆளாகத்தான் போவீர்கள், அதை 'ஆன்' ஆக்குங்கள். மேக்கில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்ற இடத்தில் 'ரொட்டேட்டிங்' இருந்தால் 'ஃபிக்ஸ்டு' ஆக்குங்கள். ஒரே இடத்துக்கு ஒரே பொய்முகவரி என்பதால் தனியுரிமையும் பெரிதாகக் கெடாது.

எழுந்து போய்வந்ததுமே கேட்கிறது என்றால் காரணம் வேறு. சில இடங்களில் சற்று நேரம் தகவல் போக்குவரத்து இல்லாவிட்டால் ஆளை வெளியேற்றிவிடுவார்கள். அதற்கு உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது, மூடியை மூடாமல் வைப்பதுதான். மூடாமல் வைத்துவிட்டு எழுந்து போகவும் சொல்ல மாட்டோம்! கணினியைக் கையோடு எடுத்துப் போங்கள், திரும்பி வந்து இன்னொரு முறை எண்ணைப் போடுங்கள்.

பதிவுப் பக்கத்தில் கடன் அட்டை எண் கேட்டது. இலவச வைஃபைதானே என்று விட்டுவிட்டேன். கொடுத்திருக்க வேண்டுமா? பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?
– தேக்கா வாசகி

கொடுக்காமல் விட்டதே சரி. இலவச இணைப்புக்குக் கைத்தொலைபேசி எண்ணும் ஒருமுறை மறைச்சொல்லும் போதும். அட்டை எண், சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளம்), மின்னஞ்சல் மறைச்சொல் இவற்றில் எதைக் கேட்டாலும் அந்த நொடியே துண்டித்துவிடுங்கள்.

வைஃபை பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அதே பெயரை வைத்து யார் வேண்டுமானாலும் பையில் ஒரு சிறு கருவியோடு உட்காரலாம். உங்கள் கணினி சமிக்ஞை வலுவாக இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். 2024இல் ஆஸ்திரேலிய மத்திய காவல்துறை இப்படி ஒருவர்மீது குற்றம் சாட்டியது. பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானங்களுக்குள்ளும் போலி இணைப்பு வைத்து, பதிவுப் பக்கம் போன்ற ஒன்றில் மின்னஞ்சல், சமூக ஊடக மறைச்சொற்களைக் கறந்ததாக வழக்கு.

வங்கித் தளம் பூட்டிய வழியில் பேசுவதால் நடுவில் இருப்பவரால் அதைப் படிக்க முடியாது. அந்த அளவில் ஆபத்து குறைவே. சான்றிதழ் எச்சரிக்கை வந்தும் மீறிப் போவது, அந்தப் பக்கம் சொல்லும் ஏதோ ஒன்றை நிறுவுவது, இந்த இரண்டில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் பழக்கத்தைக் கேட்டால், வங்கி வேலைக்கு வைஃபையை அணைத்துவிட்டுத் தொலைபேசியின் டேட்டாவைப் பயன்படுத்துவோம். ஐந்து நிமிட வேலைக்கு எவ்வளவு டேட்டா போய்விடும்? ஏற்கெனவே எதையாவது கொடுத்துவிட்டால் முதலில் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். சந்தேகம் என்றால் ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண் 1799.

விண்டோஸில் இணையும்போது அந்த இணைப்பு 'பப்ளிக் நெட்வொர்க்' என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'பிரைவேட்' என்று மாறியிருந்தால் பகிர்ந்து வைத்த கோப்புறைகள் பக்கத்து மேசைக்குத் தெரியக்கூடும்.

ஒரே வைஃபையில் இருந்தும் தொலைபேசியிலிருந்து மடிக்கணினிக்குப் படம் அனுப்ப முடியவில்லை. வீட்டில் முடிகிறது.
– ஹவ்காங் வாசகர்

வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கிறார்கள். பொது வைஃபையில் ஒருவர் கருவி இன்னொருவர் கருவியைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைப்பதுதான் முறை. கம்பி போட்டு மாற்றுங்கள், அல்லது தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியைச் சேருங்கள்.

நான்கு கோட்டில் மூன்று கோடு காட்டுகிறது. ஆனாலும் காணொளி நகர மாட்டேன் என்கிறது.
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

கோடுகளை நம்பாதீர்கள். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் ஆர்எஸ்எஸ்ஐ (சமிக்ஞை வலு) என்று ஒரு கழித்தல் எண் தெரியும். −60க்கு அருகில் இருந்தால் நல்லது, −75ஐத் தாண்டினால் இழுபறி. விண்டோஸில் 'நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' என்ற கட்டளை சமிக்ஞையைச் சதவீதமாகவும், கூடவே சேனல் எண்ணையும் தரும்.

அந்தச் சேனல் எண்ணைப் பாருங்கள். 1 முதல் 13 வரை என்றால் நீங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறீர்கள். 36 அல்லது அதற்கு மேல் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். கூட்டமான இடத்தில் 2.4இல் சமிக்ஞை வலுவாகவே தெரியும், வேகம்தான் இருக்காது. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றே மூன்று, அவற்றில்தான் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு பேசுகிறார்கள். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய் 'பிரிஃபர்டு பேண்ட்' என்பதை 5 கிகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். அந்த வரியே இல்லையென்றால் அட்டை 2.4 மட்டுமே தெரிந்த பழைய அட்டையாக இருக்கலாம். யுஎஸ்பியில் செருகும் இரட்டை அலைவரிசை வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும், கணினியை மாற்ற வேண்டியதில்லை.

5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. தடித்த சிமெண்ட் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் கூரையில் வைஃபை தரும் வெள்ளைப் பெட்டி கண்ணில் படும் மேசைக்கு மாறுங்கள்.

அலுவலகம் கொடுத்த கணினியில் வயர்லெஸ்@எஸ்ஜி பட்டியலில் தெரிகிறது, ஆனால் 'கனெக்ட்' அழுத்த விடவில்லை.
– பொங்கோல் வாசகி

அது உங்கள் அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவு போட்ட பூட்டு. திறந்த இணைப்புகளில் சேரக்கூடாது என்று கொள்கையாகவே அமைத்திருப்பார்கள். 'நெட்வொர்க் ரீசெட்' செய்து பார்க்கலாம் என்று இறங்கிவிடாதீர்கள். பூட்டு திறக்காது, சேமித்து வைத்த வைஃபை மறைச்சொற்கள்தான் அழியும், அலுவலக விபிஎன்னையும் மறுபடி அமைக்க நேரலாம். தொலைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.